பர்மாவை வேறு வைத்த வாரம்

இப்போதெல்லாம் எங்கள் பத்திரிகையில் எது எதைவிட்டுப் போனாலும் ‘பிரிவினை’ என்று ஒரே சொல்லைப் போட்டு வேலையை முடித்துவிடுகிறார்கள். சிந்து பம்பாயை விட்டுப் போன பழைய கதையா? பிரிவினை. ஒரிஸா தனி மாகாணம் ஆன கதையா? பிரிவினை. போன மாதம் ஒரு நாடகக் கம்பெனி இரண்டானதற்கும் அதே சொல்தான். படித்துவிட்டு எனக்கு வருகிற கோபத்தில் காப்பி ஆறிப்போகிறது.

அந்தப் பத்திரிகையில் மொழிபெயர்க்கும் உதவியாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆண்டு மலருக்கு ஏதாவது எழுத வேண்டும் என்று இப்போதைய உதவியாசிரியர்கள் இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். “ஒங்க காலத்துல மறக்க முடியாத செய்தி எதுங்கய்யா?” என்று ஒருவர் கேட்டார். கொலை, தீ, கப்பல் மூழ்கியது என்று எதையாவது சொல்வேன் என்று பென்சிலோடு தயாராக இருந்தார். ‘க்’ என்றேன். விக்கல் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவர எழுந்துவிட்டார், நல்ல பிள்ளை.

விக்கல் இல்லை. அந்த ‘க்’கைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

எங்களுடையது சிங்கம்புணரிப் பக்கம் விவசாயக் குடும்பம். மீசை முளைக்குமுன் மாமாவோடு பர்மாவுக்குக் கப்பலேறினேன். ஐராவதிக் கரையில் ஓர் அரிசி ஆலையில் மூட்டைகளுக்குக் குறி போடும் வேலை. பர்மியப் பாஷை கடைத்தெருவில் வந்தது; இங்கிலீஷ் ஒரு பாதிரியார் பள்ளியில் வந்தது; கடைசியில் மலைக்காய்ச்சலும் வந்தது. அதுதான் என்னை ஊருக்குத் திருப்பி அனுப்பியது. அந்தச் சமயம் காரைக்குடியில் ஒரு வாரப்பத்திரிகை தொடங்கினார்கள். வாசகர் வீடுகளில் பாதிக்கு மேல் யாராவது ஒருவர் பர்மாவில் இருந்தார். பர்மியப் பத்திரிகையைப் படித்துச் சொல்ல ஆள் தேடினார்கள்; கிடைத்தவன் நான். என் தகுதி அவ்வளவுதான்.

ஆசிரியர் நகரத்தார் வீட்டுப் பிள்ளை. நாங்கள் எல்லோரும் ‘அண்ணே’ என்போம். அவர் என்னை ‘அம்பலம்’ என்பார். அது எங்கள் குடும்பப் பட்டம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. போட்டிருந்தால் தேவலை. அச்சுக்கோத்து முதல் புரூஃப் வந்தால் அதைக் கண்ணால் பார்க்கமாட்டார். “படிங்க” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். நான் உரக்கப் படிக்க வேண்டும். எங்கள் பத்திரிகையை யாரும் தனியாக உட்கார்ந்து மனத்துக்குள் படிப்பதில்லை என்பது அவர் கணக்கு. பெரிய வீட்டு உள்முற்றமான வளவில் எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் படிப்பார், சுற்றி உட்கார்ந்து பருப்புப் புடைத்துக்கொண்டே ஆச்சிமார் கேட்பார்கள். ஆகவே செய்தி காதுக்குச் சரியாக இருக்க வேண்டும்.

ஏதாவது ஒரு சொல் இடறினால் அவருடைய வலது கைச் சுண்டுவிரல் மேலே எழும்பும். நான் நிறுத்த வேண்டும். என்ன தப்பு என்று சொல்லவே மாட்டார். நானாகக் கண்டுபிடித்து வேறு சொல் போட்டு மறுபடி படிப்பேன். விரல் படுத்துவிட்டால் சரி. படுக்காவிட்டால் இன்னொரு சொல். அந்த விரலை ஒடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று நான் நினைத்த நாட்கள் உண்டு.

பிரிந்து போகிற செய்திகளுக்கு அவர் தனியாக ஒரு முறை வைத்திருந்தார். தலைப்புப் போடுமுன் இரண்டு கேள்வி கேட்பார். “யாரு போறது? யாரு விடுறது?” இரண்டுக்கும் பதில் சொன்ன பிறகுதான் பேனாவைத் தொட விடுவார்.

நார்வே தேசம் ஸ்வீடனை விட்டுப் போனது நான் வேலைக்கு வருமுன் நடந்தது. அவருக்கு அது பிடித்த கதை. ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. இவர்கள் போகிறோம் என்றார்கள், அவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் சரி என்றார்கள். “போறவுகளும் மரியாதைப்பட்டவுக, விடுறவுகளும் மரியாதைப்பட்டவுக. தலைப்பு எழுதுறவனுக்குச் சங்கடமே இல்லை” என்பார்.

நான் வந்த புதிதில் அயர்லாந்து. அடி, உதை, தீ எல்லாம் ஆகி ஒருவழியாகப் போனார்கள். போகும்போது வடக்கே ஒரு துண்டு, ‘நாங்கள் உங்களோடு வரவில்லை’ என்று பழைய இடத்திலேயே நின்றுகொண்டது. ‘அயர்லாந்து விலகியது’ என்று நான் எழுதிப் படித்தேன். விரல் எழும்பியது. “முழுசா விலகலையே அம்பலம். கோவிச்சுக்கிட்டு வெளிய போனவன், ஒரு கால் செருப்பை உள்ளயே விட்டுட்டுல்ல போயிருக்கான்.” அந்த வாரம் தலைப்பு போட எனக்கு ஒரு முழுப் பகல் ஆனது.

அப்புறம் மேற்கு ஆஸ்திரேலியா. அங்குள்ள ஜனங்கள் மற்ற ஆஸ்திரேலியாவோடு ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாம் என்று பெருவாரியாக வாக்குப் போட்டு, லண்டனுக்கு மனுவும் கொண்டுபோனார்கள். மற்ற வீட்டுக்காரர்கள் சம்மதம் இல்லாமல் அதை எடுத்துக்கொள்ளவே முடியாது என்று லண்டன் கதவைச் சாத்திவிட்டது. அவ்வளவுதான், இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். அதைக் கேட்டு அண்ணன் கண்ணைத் திறந்து சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். “பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் பொட்டியக் கட்டிட்டா. ஆனா வண்டி புடிச்சுத் தரவேண்டியது புருசனால்ல இருக்கான்!” அச்சுக்கூடமே சிரித்தது.

ஊரான் வீட்டுப் பிரிவு என்றால் சிரிக்கலாம். எங்கள் வீட்டுப் பிரிவு வந்தபோதுதான் தெரிந்தது.

பர்மா அப்போது இந்தியாவின் ஒரு மாகாணம். அதை இந்தியாவிலிருந்து எடுத்துத் தனியாக்குவது என்று பேச்சு எழுந்து பல வருஷம் இழுத்தது. அங்கே ஒரு கட்சி ‘பிரி’ என்றது, ஒரு கட்சி ‘சேர்’ என்றது. தேர்தலில் பிரியக்கூடாது என்றவர்கள் ஜெயித்தார்கள். அப்பாடா என்று காரைக்குடி மூச்சு விடுமுன், ஜெயித்தவர்களே ‘சேர்கிறோம், ஆனால் வேண்டியபோது போய்விட உரிமை வேண்டும்’ என்றார்கள். அதைப் படித்தபோது அண்ணன் விரல் எழும்பவில்லை, அவரே எழுந்துவிட்டார். “உள்ள வர்றதுக்கு முன்னாடியே வெளிய போற வாசல் எங்குட்டு இருக்குன்னு கேக்குறாகளா? கெட்டிக்காரவுகதான்” என்றார். யார் போகிறார்கள், யார் விடுகிறார்கள் என்ற கேள்விக்கு அந்த விஷயத்தில் கடைசிவரை எங்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. லண்டன் தானே முடிவு கட்டிச் சட்டம் செய்துவிட்டது.

சட்டம் நடைமுறைக்கு வருகிற வாரம். நான் ‘பர்மா பிரிகிறது’ என்று எழுதிப் படித்தேன். விரல் எழும்பியது. ‘பர்மா பிரிக்கிறது’ என்றேன். எதைப் பிரிக்கிறது என்று எனக்கே சிரிப்பு வந்தது. ‘பர்மாவைப் பிரிக்கிறார்கள்’ என்றேன். விரல் அப்படியே நின்றது.

வழக்கத்துக்கு மாறாக அண்ணனே பேசினார். “பிரிகிறதுன்னா அது தானாப் பிரியுது. பிரிக்கிறாகன்னா இன்னொருத்தன் நடுவுல கைய விட்டுப் பிரிக்கிறான். நடுவுல ஒரு ‘க்’தான் அம்பலம். எது நெசம்?”

“ரெண்டும்தாண்ணே.”

“ரெண்டையும் ஒரு தலைப்புல போட முடியாதுல்ல?” என்று விரலை மடக்கிக்கொண்டு, “பர்மாவை வேறு வைக்கிறார்கள்னு போடுங்க” என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். நகரத்தார் வீட்டில் மகனுக்குக் கல்யாணமாகிச் சில காலம் ஆனதும், பெற்றோர் அவனையும் மருமகளையும் ‘வேறு வைப்பார்கள்’. தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனிச் சாமான். ஆனால் வீடு அதே வீடு. வாசல் ஒன்று, வளவு ஒன்று, சாமி கும்பிடுவது ஒன்றாக. மனஸ்தாபத்தால் செய்வதில்லை, நல்ல நாள் பார்த்துச் செய்வது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று தெரிந்த கெட்டிக்கார ஜனங்கள்.

எனக்குப் பிடிக்கவில்லை. “அண்ணே, வேறு வைக்கிறதுன்னா பெத்தவுக வைப்பாக. இங்க யாரு அப்பச்சி, யாரு மகன்? ஒரே வீடுன்னும் ஆகிப்போகுமே?” என்றேன்.

“ஒரே வீடுதான அம்பலம், சாம்ராஜ்யம்? இன்னைக்கு ஆச்சிமாருக்கு வெளங்குற சொல்லு இதுதான். போடுங்க” என்றார். போட்டோம்.

ஊர் அந்தத் தலைப்பை அள்ளிக் குடித்தது. புருஷனையும் பிள்ளையையும் பர்மாவில் வைத்துக்கொண்டு சோறு இறங்காமல் இருந்த ஆச்சிமார், “அட, வேறுதானா வைக்கிறாக? அடுப்புதான தனி?” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பிள்ளையார்பட்டியில் சிதறுகாய் விட்டவர்கள்கூட உண்டு. பத்திரிகைக்காரனை வழியில் நிறுத்தி யாரும் கும்பிடமாட்டார்கள். அந்த வாரம் என்னைக் கும்பிட்டார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

எங்கள் தெருவில் சேகு என்று ஒருவர் குடைக்கடை வைத்திருந்தார். நான் வேலை செய்த ஆற்றங்கரை ஊரில்தான் அவருக்கும் முன்பு கடை. அங்கேயே மா கின் என்ற பர்மியப் பெண்ணை நிக்காஹ் செய்துகொண்டார். சில வருஷம் முன்பு ரங்கூனில் இந்தியர்கள் மேல் கலகம் வந்தபோது கடையை மூடிவிட்டு மனைவியோடு ஊர் வந்து சேர்ந்தார். மூத்த மகள் மரியம் அப்போது அம்மையில் கிடந்தாள். அந்தக் குழந்தையைக் கப்பலில் ஏற்ற முடியாது என்று மா கின்னின் தாயாரிடம் விட்டு வந்தார்கள். அடுத்த கப்பலில், அடுத்த வருஷத்தில் என்று போய், பெண் அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். அடுத்தவன் இங்கே பிறந்தான். மூத்தவளைக் கூட்டி வந்துவிட வேண்டும் என்று மா கின் கேட்காத நாளில்லை. அந்த வைகாசியில் கட்டாயம் போவது என்று பேசி வைத்திருந்தார்கள்.

நான் கடைப் பக்கம் போனதும் சேகு எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் மாமா, மாப்பிள்ளை என்றுதான் பேசிக்கொள்வோம்.

“மாமா, ஒங்க பேப்பரு வயித்துல பாலை வார்த்துருச்சு. வேறுதான வைக்கிறாக! வாசல் தொறந்துதான இருக்கும்? அடுத்த வருசம் ஆற அமரப் போயிக் கூட்டியாந்துக்கலாம். இப்பப் போனா, திரும்புறதுக்குள்ள மழைக்காலம் வந்துருமே, கடையப் போட்டுட்டு எங்குட்டுப் போறது?”

குடைக்காரருக்கு மழைக்காலத்தில் கடையை விடச் சொன்னால் எப்படி இருக்கும்? நான் பதில் சொல்லுமுன் உள்கதவுப் பக்கத்திலிருந்து மா கின் பேசினாள். என்னிடம் பர்மியத்தில்தான் பேசுவாள். என்னை ‘ஸயா’ என்பாள், மரியாதைச் சொல் அது.

“ஸயா, அந்தச் சொல் மூச்சோடா, மூச்சில்லாமலா?”

எனக்குச் சுருக்கென்றது. பர்மியத்தில் ‘குவே’ என்று ஒரு சொல். மூச்சை விடாமல் சொன்னால் பானை தானாக உடைவது, கூட்டம் தானாகக் கலைவது. அதே சொல்லைக் கொஞ்சம் மூச்சு விட்டுச் சொன்னால், ஒருவர் கை வைத்து உடைப்பது, பிளப்பது. நமக்குப் பிரிகிறது, பிரிக்கிறது. நமக்கு ஒரு ‘க்’, அவர்களுக்கு ஒரு மூச்சு. தமிழில் அதை எழுத முடியாது. நம்மிடம் உள்ளது ஒரே ‘கு’. நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு அண்ணன் கேட்ட கேள்வியை, அவரைப் பார்த்தே இராத பெண் கதவோரம் நின்று கேட்கிறாள்.

“பர்மாவில் எல்லோரும் மூச்சோடுதான் சொல்கிறார்கள், அம்மா” என்றேன்.

“உங்கள் பத்திரிகை என்ன சொல்கிறது?”

வேறு வைப்பதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். “எங்கள் ஜனங்களிடம் இந்த வழக்கம் இல்லையே ஸயா. இல்லாத வழக்கத்தை அவர்கள் எப்படிக் காப்பாற்றுவார்கள்?” என்றாள். பிறகு புருஷனைப் பார்த்துத் தமிழில், எங்கள் ஊர்த் தமிழிலேயே சொன்னாள்: “நீங்க வரலைன்னா நான் ஒத்தையில போறேன். எம் புள்ளை எனக்கு வேணும்.”

சேகு, “எழுதுன மாமாவே சொல்லட்டும்” என்று என் பக்கம் திரும்பினார். எழுதியது நான் இல்லை என்று அங்கே எப்படிச் சொல்வது? பத்திரிகையில் வந்தால் எல்லாம் நான் எழுதியதுதான். “ஒரு நாள் பொறுங்க மாப்புள்ளே” என்று நேரே அண்ணனிடம் போனேன்.

நடந்ததைச் சொன்னேன். கண்ணைத் திறந்தபடியே கேட்டார். தலைப்புக்கு வக்காலத்து வாங்குவார் என்று நான் வாதத்தோடு போயிருந்தேன். அவர் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “வாங்க, நானே வாரேன்” என்றார். அவர் குடைக்கடைக்கு வருவதாவது! தெருவே பார்த்தது.

சேகு பதறிப்போய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். “வாங்கண்ணே, ஒக்காருங்க. சொல்லிவிட்டா நானே வந்திருப்பேனே?”

அண்ணன் உட்காரவில்லை. “தம்பி, எங்க அப்பச்சி என்னையும் எந் தம்பியையும் ஒரே நாள்ல வேறு வச்சாக. நல்ல நாள்தான். அடுப்பு ரெண்டு, வாசல் ஒண்ணு. அவன் வீட்டுக் கொழம்பு எங்க எலையில விழுகும். அப்பச்சி போனாக. ஒரு தைக்கு வளவுல கோடு போட்டாக. அடுத்த தைக்குக் கோட்டு மேல செங்கல் ஏறிருச்சு. இன்னைக்கு எந் தம்பியப் பாக்கணும்னா நான் வெளிய எறங்கித் தெருவச் சுத்தித்தான் போறேன்” என்றார்.

சேகு துடைத்த ஸ்டூலையே மறுபடி துடைத்தார். அண்ணன் மேலே சொன்னார்.

“நான் போட்ட சொல்லு பொய்யில்லை. ஆனா பாதிதான். இன்னைக்குக் கோடுதான் இருக்கு. செவரு ஏறதுக்குள்ள போயிப் புள்ளையக் கூட்டியாந்துருங்க. மழைக்குக் குடை விக்க ஒங்க கடைப்பையன் போதும்.”

திரும்பி வரும்போது அவராகவே, “ஆச்சிமாருக்கு வெளங்குற சொல்லுன்னுதான் போட்டேன் அம்பலம். அவுக எல்லாருக்கும் செவரு வந்த கதையும் தெரியும். ஆனா அதை நெனைக்கமாட்டாக. நானும் நெனைக்கலை” என்றார். எனக்கு அவர்மேல் இருந்த பதினேழு வருஷக் கோபமும் அந்த இடத்திலேயே கரைந்தது. பிற்பாடு மறுபடி வந்தது, அது வேறு விஷயம்.

வைகாசியில் சின்னவனைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டுச் சேகுவும் மா கின்னும் போனார்கள். ஆவணியில் மரியத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நெட்டையாக வளர்ந்த பெண். தாயின் கண், தகப்பன் மூக்கு. வாசலில் நின்ற தம்பியை முதல் தடவையாகப் பார்த்து, என்ன பேசுவது என்று தெரியாமல் தன் தலையில் இருந்த பூவை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

சேகு என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். “மாமா, முன்னெல்லாம் சென்னைத் தொறைமுகத்துல எறங்குனா, எந்த ஊருன்னு கேப்பாக. காரைக்குடின்னா சரி, போன்னுருவாக. இந்தத் தடவை மேசை போட்டு ஒக்காந்திருந்தவரு எந்த ஊருன்னு கேக்கலை. எந்தத் தேசம்னு கேட்டாரு. நான் இந்தியான்னேன். புள்ளையைப் பாத்துட்டு அவரா பர்மான்னு எழுதிக்கிட்டாரு. ஒரே வயித்துல பொறந்த ரெண்டுக்கு ரெண்டு தேசமா மாமா?”

கப்பல் ஏறுமுன் இருந்த சொல் இறங்கும்போது மாறிவிட்டது.

மறு வருஷம் பர்மாவில் பெரிய கலகம். இந்தியர்களை, அதிலும் முஸ்லிம்களைத் தேடித் தேடி அடித்தார்கள். அந்த ஆற்றங்கரை ஊரிலும் தீ வைத்தார்கள் என்று பர்மியப் பத்திரிகையில் படித்து நானே மொழிபெயர்த்தேன். மரியம் அங்கே இருந்திருந்தால் என்ற நினைப்பைத் தாண்டி என்னால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. மா கின்னின் தாயாருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பின்னால் தகவல் வந்தது. தகப்பன் பெயர் சேகு என்று இருக்கிற பேத்தி வீட்டில் இல்லாததால்தான் விட்டுப் போனார்கள் என்றும் சொல்லி அனுப்பியிருந்தாள் கிழவி.

அதைக் கேட்டுவிட்டு ஆறுதல் சொல்லக் குடைக்கடைக்குப் போனேன். மா கின் கதவோரம் உட்கார்ந்து மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். “அம்மாவை நினைத்து வருந்தாதே. யார் கையில் என்ன இருக்கிறது? எல்லாம் தானாகப் பிரிந்தது” என்று பர்மியத்தில் சொன்னேன். பக்குவமாகத்தான் சொன்னேன், மூச்சை விடாமல் சொன்னேன்.

அவள் சீப்பை நிறுத்தினாள்.

“இல்லை ஸயா. கிளம்பும்போது அம்மா மரியத்தின் கையை விடவில்லை. கப்பலுக்கு நேரமாகிவிட்டது. நான்தான் ஒவ்வொரு விரலாக…” என்று சொல்லி, அந்தச் சொல்லைச் சொன்னாள். மூச்சோடு சொன்னாள். அவள் முன்னால் இருந்த பெண்ணின் தலைமயிர் அந்தக் காற்றில் லேசாக அசைந்தது.

அந்த மூச்சுக்கு எங்கள் அச்சுப்பெட்டியில் எழுத்து இல்லை. ஒரு ‘க்’ இருக்கிறது. தம்பிகளே, அதையாவது பார்த்துப் போடுங்கள்.